பெயர் சொல்லி ஒரு வேண்டுதல்

1

போன வருடம் இதே வாரம் எங்கள் குடும்பக் குழுவில் சாம்பல் நிற எழுத்தில் ஒரு வரி வந்தது: "க்ளாரா வெளியேறினார்." அதற்கு மேலே அக்கா அனுப்பிய ரோஜாப்பூவும் காலை வணக்கமும். அதற்குக் கீழே சித்தப்பா மகன் வாங்கிய வஞ்சிர மீனின் படம். ஏன் வெளியேறினாள் என்று யாரும் கேட்கவில்லை. மீனுக்கு ஒன்பது பேர் கைதட்டியிருந்தார்கள்.

க்ளாரா என் மகள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. நான் புதுச்சேரி உப்பளம் பகுதியில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் பிரான்சுக்கு வந்தவன். பாரிஸுக்கு வடக்கே ஒரு புறநகர்ப் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக் கூடத்தில் முப்பது வருடமாகச் சமையல் வேலை. கந்தீன் என்பார்கள். எழுத்து என் தொழிலல்ல. ஊரில் இருக்கும் உங்களுக்கு இதற்கு முன் இரண்டு குறிப்புகள் எழுதியிருக்கிறேன். ஒன்று பனியைப் பற்றி, இன்னொன்று இங்கே கிடைக்கும் உயிரில்லாத கத்தரிக்காயைப் பற்றி. இரண்டும் சிரிக்கச் சிரிக்க இருந்ததாகச் சொன்னீர்கள். இது அப்படி இருக்காது.

இதில் வரும் பெயர்கள் மாற்றப்பட்டவை. க்ளாரா என்பதும் மகளின் பெயரல்ல. ஒரே ஒரு பெயரை மட்டும் மாற்றவில்லை. ஏன் என்பது கடைசியில் வரும். மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் எழுதியதைப் போனில் அவளுக்கு நானே வாசித்துக் காட்டினேன். அவள் சரி என்ற பிறகுதான் உங்களுக்கு அனுப்புகிறேன்.

2

அந்தக் காலமே மேல் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். நான் வந்த புதிதில் ஊருக்குப் பேசவேண்டுமென்றால் தொலைபேசி அட்டை வாங்கிக்கொண்டு தெருமுனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கவேண்டும். எங்கள் வீட்டில் போன் கிடையாது. அடுத்த தெரு எஸ்.டி.டி. கடைக்கு அழைத்து, கடைக்காரர் சொல்லி அனுப்பி, அக்கா செருப்பு மாட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள் அட்டையில் பாதி கரைந்திருக்கும். மீதிப் பாதியில் சாப்பிட்டியா, குளிருதா என்று கேட்டுக்கொள்வோம். அப்பா இறந்தது எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, அவர் வாங்கிய குடியுரிமையில்தான் நான் இங்கே வந்தேன். அவரை அடக்கம் செய்தபோது நான் ஒரு கூடை கேரட்டைச் சீவிக்கொண்டிருந்தேன்.

அப்படிப் பார்த்தால் இந்தக் கைப்பேசிக் குழுக்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். என் அக்கா ஸ்டெல்லாவுக்கு அறுபது வயது. எழுதிச் சொல்லப் பொறுமை கிடையாது. நான்கு நிமிடம், ஐந்து நிமிடம் என்று குரலாகப் பேசி அனுப்புவாள். காலையில் பேருந்து நிறுத்தத்தில் நின்று அதைக் கேட்பேன். அக்கா சொல்லும் விஷயத்தில் பெரிதாக ஒன்றும் இருக்காது. பின்னால் குக்கர் விசில் அடிக்கும், தெருவில் கோலமாவுக்காரர் கத்திக்கொண்டு போவார், கோயில் மணி அடிக்கும். எனக்கு அது போதும்.

அக்கா இன்னொரு குழுவிலும் இருக்கிறாள். பங்குக் கோயிலைச் சேர்ந்த முப்பது நாற்பது வீடுகளை ஒன்றாகச் சேர்த்து அன்பியம் என்பார்கள். வாரம் ஒருநாள் ஒவ்வொருவர் வீட்டில் முறைவைத்துக் கூடி செபம் சொல்வார்கள். அந்த அன்பியத்துக்கும் ஒரு குழு வந்துவிட்டது. ஒருமுறை புயல் மழையில் அக்கா தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. கீழே இறங்க முடியாமல் மாடியில் இருந்தவளின் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. குழுவில் ஒரு வரி போட்டாள். நோணாங்குப்பம் படகுத் துறையில் வேலை பார்க்கும் ஒருவர் மாத்திரையையும் பால் பாக்கெட்டையும் தலைமேல் வைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்து கொடுத்தாராம். அக்கா மாடியிலிருந்து எடுத்த படத்தில் அவர் முகம் தெரியவில்லை. தலையில் ஒரு மஞ்சள் பை மட்டும் தெரிந்தது. அந்தப் படத்தை நான் பலபேரிடம் காட்டியிருக்கிறேன், எங்க ஊரைப் பாருங்கள் என்று.

அந்த மஞ்சள் பையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

3

க்ளாரா பல்கலைக்கழகம் சேர்ந்த முதல் வருடம் நடுவிலேயே போவதை நிறுத்திவிட்டாள். உடம்பு சரியில்லை என்று வீட்டுக்கு வந்தவர்களிடம் சொன்னோம். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. மனதுதான் சரியில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்து, அவளே சம்மதித்து, மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தாள்.

முதல் நாள் வேலை முடிந்து நேராக அங்கே போனேன். வரவேற்பில் இருந்த பெண், அப்படி ஒருவர் அங்கே இருக்கிறாரா இல்லையா என்பதையே சொல்ல முடியாது என்றார். என் மகள் என்றேன். பதினெட்டு வயது ஆகிவிட்டதல்லவா என்றார். என் பையில் லிவ்ரே இருந்தது. பிறப்பு, திருமணம், பிள்ளைகள் எல்லாம் பதிவான குடும்பப் புத்தகம் அது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகளில் நகையைவிடப் பத்திரமாக இருப்பது அதுதான். தூதரகத்திலிருந்து ஓய்வூதிய அலுவலகம்வரை அதைக் காட்டி நடக்காத காரியத்தை நான் பார்த்ததில்லை. எடுத்து நீட்டினேன். அந்தப் பெண் அதைத் திறக்கவே இல்லை. கோபமாகவும் சொல்லவில்லை. எனக்கு சமையற்கட்டுக்குப் போதுமான பிரெஞ்சு உண்டு. அந்த இடத்துக்கு அது போதவில்லை.

நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு க்ளாராவே கீழே இறங்கி வந்தாள். கையில் ஒரு தாள். நோயாளி தன்னைப் பற்றிய விவரங்களை யாரிடம் சொல்லலாம் என்று எழுதிக் கொடுக்கும் தாள். பெர்சோன் தெ கொன்ஃபியான்ஸ் என்று மேலே போட்டிருந்தது, நம்பிக்கைக்குரியவர் என்று அர்த்தம்.

"ஒருத்தர் பேர்தான் போடலாம்ப்பா. உங்க பேரு போடறேன்" என்றாள்.

அம்மா பெயரைப் போடலாமே என்றேன். அம்மா அழுவாங்க என்றாள். என் மனைவி ரெஜினா அழக்கூடியவள்தான். நான் அழமாட்டேன் என்று மகள் கணக்குப் போட்டிருக்கிறாள். அவள் பெயர் எழுதிய இடத்துக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். ஒரு பிரதியை எனக்குக் கொடுத்தார்கள். மருந்துச் சீட்டோடு சேர்த்து நாலாக மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

4

இரண்டாவது வாரம் பேருந்து நிறுத்தத்தில் அக்காவின் குரலைத் திறந்தேன். "டேய் தம்பி, பாப்பா கொரலே கேக்கலியே ரெண்டு வாரமா. என்னாடா ஆச்சு? எனக்கு மனசே சரியில்ல." பின்னால் குக்கர் சத்தம் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் பேசியிருக்கிறாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு லேசானது, அதை மறைப்பதற்கில்லை. என்ன மருந்து கொடுக்கிறார்கள் என்று கேட்டாள். புதுச்சேரியிலேயே சாரம் பகுதியில் தெரிந்த டாக்டர் ஒருவர் இருக்கிறார், காட்டிக் கேட்கிறேன் என்றாள். பையிலிருந்த தாள்களை நிறுத்தத்து பெஞ்சில் விரித்துப் படம் எடுத்தேன். மருந்துச் சீட்டை மட்டும் எடுத்திருக்கலாம். ஒன்றாக மடித்திருந்ததை ஒன்றாகவே விரித்தேன். பேருந்து வேறு வந்துவிட்டது. யாருக்கும் சொல்லாதே என்று எழுதி அனுப்பினேன். சொல்வேனா என்று பதில் வந்தது.

அக்கா பொய் சொல்லவில்லை. அன்பியத்தில் சொல்வது அவளைப் பொறுத்தவரை யாருக்கோ சொல்வதில் சேராது. அங்கே சொல்வது சாமிக்கு. நம் பக்கத்தில் செபம் கேட்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பொதுவாக எல்லாருக்காகவும் வேண்டுங்கள் என்றால் அது மரியாதைக்குச் சொன்னது. பெயர் சொல்லி, வயது சொல்லி, என்ன கஷ்டம் என்று சொன்னால்தான் வேண்டுதல். யாருக்காகப் பூசை என்று கருத்து எழுதிக் கொடுப்பதும் அப்படித்தானே.

அதோடு அந்தக் குழுவில் ஒரு விதியும் இருந்தது. எங்கேயோ எப்போதோ கிளம்பிய பொய்ச் செய்தி ஒன்று, உயிருக்குப் போராடும் குழந்தைக்காகச் செபியுங்கள் என்று, குழுவுக்கு வந்திருக்கிறது. எல்லாரும் ஒன்பது நாள் உபவாசம் இருந்து செபமாலை சொன்ன பிறகு, அது பல வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் கதை என்று தெரிந்தது. அதிலிருந்து, ஆதாரம் இல்லாமல் யாரும் செப விண்ணப்பம் போடக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறார்கள். முடிவு செய்ததே அக்காதான். அவள்தான் அன்பியத்துக்குச் செயலாளர்.

அதனால் அக்கா முறைப்படி செய்தாள். பெயர், வயது, என் பெயர், எந்த ஊர், என்ன நோய். கீழே ஆதாரமாக என் படம்.

5

இங்கே ஒன்றரைப் பக்கம் இருந்தது, மருத்துவமனை நாட்களைப் பற்றி. போனில் வாசித்தபோது மகள் நிறுத்தச் சொல்லி, இதை எடுத்துவிடுங்கள் என்றாள். எடுத்துவிட்டேன்.

6

வீட்டுக்கு வந்த இரண்டாவது ஞாயிறு, மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசைக்கு க்ளாராவே வருகிறேன் என்றாள். எனக்குச் சந்தோஷம். பூசை முடிந்து வெளியே நின்றபோது சாரத்திலிருந்து வந்து இங்கே குடியிருக்கும் ஒரு பெண்மணி, நல்ல மனுஷி, க்ளாராவின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"மாத்திர ஒழுங்கா சாப்புடறியாம்மா? தூக்கம் வருதா? நாங்கல்லாம் உனக்காக வேண்டிக்கிட்டுதான் இருக்கோம்."

மாத்திரையின் பெயரையும் சொன்னார். க்ளாரா அவரிடம் நன்றி சொன்னாள். கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்தாள். காருக்குள் உட்கார்ந்து, ஊரில் இருக்கும் உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு எழுதி, என்ன சுற்றுகிறது என்று கேட்டாள். ஐந்து நிமிடத்தில் படம் வந்தது. மேலே "பலமுறை பகிரப்பட்டது" என்றிருந்தது. உப்பளத்தில் போட்டது சாரத்துக்குப் போய், அங்கிருந்து பாண்டிச்சேரிக்காரர்கள் இருக்கும் இடமெல்லாம் போய், நாங்கள் வண்டி நிறுத்தியிருந்த தெருவுக்கே திரும்பி வந்திருந்தது. விமானத்தில் எனக்குப் பத்து மணி நேரம் ஆகும்.

போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். பெஞ்சின் பச்சைப் பலகை தெரிந்தது. அவள் பெயர். அதற்குக் கீழே நம்பிக்கைக்குரியவரின் கையெழுத்து.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குக் கத்தியிருப்பேன், அப்பனும் மகளும் சண்டை போட்டதாக முடிந்திருக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை குடும்பக் குழுவிலிருந்து வெளியேறினாள். அடுத்த மாதம் அவளுடைய மருத்துவச் சந்திப்பு எப்போது என்று கேட்க மருத்துவமனைக்கு போன் செய்தேன். என் பெயரைக் கேட்டுக்கொண்டு, சிறிது நேரம் கழித்து அந்தப் பெண் குரல் அதே பணிவோடு, மன்னிக்கவும், உங்களிடம் சொல்ல முடியாது என்றது. க்ளாரா தாளை மாற்றி எழுதிக் கொடுத்திருந்தாள். இப்போது அதில் இருப்பது அவள் சிநேகிதி ஒருத்தியின் பெயர்.

அக்காவிடம் சொன்னேன். அழுதாள். நல்லதுக்குத்தானே போட்டேன் என்றாள். கொஞ்ச நேரத்தில் திரும்ப அழைத்து, அந்தப் படத்தை அழித்துவிட்டேன், இனி பிரச்சினை இல்லை என்றாள். ரெஜினா அதோடு அக்காவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். என்னிடம் பேசினாள், வீட்டுக்குத் தேவையான அளவுக்கு.

7

இந்த ஒரு வருடத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. க்ளாரா படிப்பை வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு போனாள். நன்றாக இருக்கிறாள் என்று நினைக்கிறேன். தினமும் காலையில் அவளுக்கு ஒரு வரி அனுப்புவேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வரும். எப்போதாவது இரண்டு சொல்.

அந்த இரண்டு சொல்லும் நிற்காது. எங்கள் இருவருக்கும் இடையிலான செய்திகள் ஒரு நாளில் தானாக மறைந்துபோகும்படி அவள் மாற்றி வைத்திருக்கிறாள். முதலில் என் போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரன் பார்த்துவிட்டு, இது உங்கள் மகள் வைத்தது, அவரிடமே கேளுங்கள் என்றான். கேட்கவில்லை. மறைவதற்கு முன் அவள் சொற்களைக் கந்தீன் சாமான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். நாலு நாள் எழுதிய பிறகு, நான் செய்வது என்ன என்று உறைத்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

வலித்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. குளிரில் கையுறை இல்லாமல் வெகுநேரம் நின்றால் விரல் வலிப்பது நின்றுவிடும். அப்படித்தான் இருந்தது. முன்னூறு பிள்ளைகளுக்குச் சமைத்தேன். அக்காவின் குரலைக் கேட்டேன், பதிலுக்கு நலம் என்று எழுதினேன். பூசைக்குப் போனேன், ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. மகளின் பெயரைச் சத்தமாகச் சொல்லும் சந்தர்ப்பமே வீட்டில் குறைந்துவிட்டது.

8

ஆகஸ்டில் பள்ளிக்கூடம் மூடினால் கந்தீனும் மூடும். இந்த வருடம் நான் மட்டும் ஊருக்குப் போனேன். ரெஜினா வரமாட்டேன் என்றுவிட்டாள்.

அக்கா வீட்டில் நாலு நாள் மீனும் இறாலுமாகப் போனது. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் அன்பியம் கூடும் முறை அக்கா வீட்டுக்கு வந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிப் போட்டோம். ஷோகேஸில் இருந்த மாதா சொரூபத்தைத் துடைத்து மேசைமேல் வைத்தாள். மாலை ஆறு மணிக்குப் பதினான்கு பேர் வந்தார்கள். யாரும் என் மகளைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் எல்லாரும் என் கையைப் பிடித்துக் கொஞ்சம் கூடுதலான நேரம் வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் தெரியும் என்று புரிந்துகொண்டேன்.

செபமாலை முடிந்ததும் ஒவ்வொருவராகத் தங்கள் மன்றாட்டைச் சொல்லும் நேரம். ஒரு அம்மாள் மருமகளின் பிரசவத்துக்காகச் சொன்னார். ஒருவர் மகனின் வேலைக்காக. பிறகு வாசல் பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு ஆண்குரல் கேட்டது.

"பிரான்ஸ்ல இருக்குற க்ளாரா புள்ளைக்காக."

தட்டுத் தடுமாறாமல் வந்தது. தினமும் சொல்லிப் பழகியவர் சொல்வதுபோல் இருந்தது. எல்லாரும் வழக்கமான பதிலைச் சொன்னார்கள். என் வாயும் சேர்ந்து சொன்னது.

டீ கொடுக்கும்போது அவர் என்னிடம் வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், மெலிந்த உடம்பு. அக்கா அறிமுகம் செய்தாள். முன்பு பஞ்சாலையில் வேலை. ஆலை மூடிய பிறகு நோணாங்குப்பம் படகுத் துறையில், படகேறும் ஆட்களுக்கு மிதவைச் சட்டை மாட்டிவிடும் வேலை. புயல் மழையில் மாத்திரை கொண்டுவந்தவர் இவர்தான் என்றாள். மஞ்சள் பைக்குக் கீழே இருந்த முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பொண்ணு இப்ப எப்டி இருக்கு தம்பி? ஒரு வருசமா தெனம் சொல்றேன். மொத போட்டு கெளம்பறதுக்கு முன்னாடி சொல்லிடுவேன்" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து கீறல் விழுந்த போனை எடுத்தார். "பேரு மறந்துடக் கூடாதுன்னு இத வச்சிருக்கேன்."

பச்சைப் பலகை. இரண்டு தாள்கள். அவர் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் என் கையெழுத்து.

பின்னால் தட்டோடு நின்றிருந்த அக்கா எட்டிப் பார்த்தாள். "அத நான் அன்னிக்கே அழிச்சிட்டனே" என்றாள். அவள் போனை வாங்கிப் பார்த்தேன். தன் போனில் மட்டும்தான் அழித்திருக்கிறாள். மற்றவர்களிடமிருந்தும் அழிக்க வேறு இடத்தில் தொடவேண்டும், அதையும் உடனே செய்யவேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் கண்ணுக்குப் படம் இல்லை, அதனால் உலகத்தில் இல்லை. ஒரு வருடம் அந்த நிம்மதியில் இருந்திருக்கிறாள்.

"அப்ப எல்லார்கிட்டயும் இருக்குதாடா?"

இருக்கும் என்றேன். அக்கா தட்டை நாற்காலியில் வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நல்லதுக்குத்தான் என்று அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் சொல்லவில்லை.

அந்த மனிதர்மேல் கோபப்பட எனக்கு எல்லா நியாயமும் இருந்தது. வரவில்லை. நான் மகளின் பெயரை வாயில் எடுக்காத ஒரு வருடம் முழுவதும், அவள் முகத்தைக்கூடப் பார்த்திராத ஒருவர் ஆற்றோரம் நின்று தினமும் அதைச் சொல்லியிருக்கிறார். அவர் அதைச் சொல்ல முடிந்ததற்குக் காரணமும், அவள் என்னைவிட்டு விலகியதற்குக் காரணமும் ஒரே படம். இதை இரண்டாகப் பிரித்து, நல்லதை மட்டும் வைத்துக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை. பொண்ணைக் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் அவரிடம் சொன்னேன். எதைக் கேட்கப் போகிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை.

9

க்ளாராவுக்கு எழுதினேன். நாலு முறை எழுதி அழித்து, கடைசியில் நடந்ததை மட்டும் எழுதினேன். இப்படி ஒருவர் இருக்கிறார், அவரிடம் உன் படம், அதாவது அந்தத் தாளின் படம் இருக்கிறது, தினமும் உன் பெயர் சொல்லி வேண்டுகிறார், நிறுத்தச் சொல்லட்டுமா.

மறுநாள் மதியம்வரை பதில் இல்லை. இரண்டு நீலக் குறிகள் மட்டும் இருந்தன. மூன்று மணிக்கு வந்தது. பிரெஞ்சில் மூன்று வாக்கியம். படத்தை அழிக்கச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். நிறுத்தச் சொல்லவேண்டாம்.

அன்றைக்கே நோணாங்குப்பம் போனேன். அவர் நனைந்த மிதவைச் சட்டைகளைக் கம்பியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு போனை என்னிடமே கொடுத்தார். நீங்களே அழியுங்கள் அண்ணே என்றேன். எங்கே தொடவேண்டும் என்று காட்டினேன். தொட்டார். போய்விட்டது.

பெயர் விஷயம்தான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. "பேரு சொல்லாம எப்டி தம்பி?" என்று கேட்டுவிட்டு, ஒரு படகு ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போகும்வரை யோசித்தார். உங்க பொண்ணுன்னு சொல்லலாமா என்றார். அதுவும் வேண்டாம் என்றேன்.

"செரி. ஒரு புள்ளன்னு சொல்லிக்கிறேன். ஆண்டவருக்குத் தெரியாதா எந்தப் புள்ளன்னு."

அடுத்த வாரம் வேறொரு வீட்டில் கூடினோம். அவர் முறை வந்தது. "ஒரு புள்ளைக்காக" என்றார். பதில் சொல்வதற்கு முன் அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே போனது வெளியே போனதுதான். அவர்கள் திரும்பியதில் ஒரு கெடுதலும் இல்லை. அவர்களும் அவளுக்காகத்தான் வேண்டினார்கள்.

நடந்ததை அங்கிருந்தே க்ளாராவுக்கு எழுதினேன், எல்லாரும் திரும்பிப் பார்த்ததையும் மறைக்காமல். உடனே பதில் வந்தது. கட்டைவிரல் இல்லை. "அவர் பேர் என்ன?"

தட்டப் போன விரலை எடுத்துக்கொண்டேன். அவர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அண்ணே, என் பொண்ணு உங்க பேரைக் கேக்கறா, சொல்லலாமா என்றேன்.

"சொல்லேன். இதுக்குலாமா கேப்பாங்க?"

கேக்கணும்ணே என்றேன். நான் இந்த மாதிரி ஊருக்கு ஏதாவது எழுதுவேன், அதிலும் உங்களைப் பற்றி வரலாம், பெயரை மாற்றிவிடுவேன் என்றும் சொன்னேன். அவர் சிரித்தார். மாத்தாதே, என் பேரையே போடு என்றார். அவர் எதிரிலேயே பெயரைத் தட்டி அனுப்பினேன். மறுநாள் மாலை அதே நேரத்துக்கு அவள் கேள்வியும் என் பதிலும் மறைந்துபோயின. எங்கும் எழுதி வைக்கவில்லை.

மருத்துவமனைத் தாளில் என் பெயர் இன்னும் இல்லை. காலையில் நான் அனுப்பும் வரிக்குக் கட்டைவிரல்தான் வருகிறது. ஆனால் இந்தக் குறிப்பைப் போனில் வாசித்துக் காட்டியபோது நாற்பது நிமிடம் இணைப்பில் இருந்தாள். ஒரு வருடத்தில் நாங்கள் அவ்வளவு நேரம் பேசியதில்லை. பேசியதும் நான் மட்டும்தான். ஐந்தாம் பகுதியில் ஒருமுறை நிறுத்தினாள். பிறகு சத்தமே இல்லை. போய்விட்டாளோ என்று இரண்டு முறை ஹலோ என்றேன். வாசித்துக்கொண்டே, வாசலில் அவர் செருப்பைத் தேடும் இடத்துக்கு வந்தேன். பெயரைத் தட்டி அனுப்பினேன் என்று வாசித்து, மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"அந்தோணிசாமி" என்றாள் க்ளாரா.

அதற்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை.